ஐந்து பாண்டியரும் ஆறாவது தம்பியும்

தென்பாண்டிப் பெருவழிகள் – பகுதி 9

1281ஆம் ஆண்டு ஏப்ரல் வாக்கில் சீனத் தூதர்கள் சிலர் பாண்டிய நாட்டுக் கரையில் வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் குப்ளாய் கான். போக வேண்டிய இடம் கொல்லம். சுவான்சௌ துறைமுகத்தில் பாய் விரித்து, மூன்று மாதம் கடலில் கிடந்து, இலங்கை வரை வந்தாயிற்று. அதற்கு மேல் காற்று எதிர்த்து அடித்தது. கப்பலில் உணவும் தட்டுப்பட்டது. மாபார் கரையில் இறங்கித் தரைவழியாகவே கொல்லம் போய்விடலாம் என்று கப்பலில் யோசனை சொன்னார்கள். பாண்டியரின் கிழக்குக் கரைக்கு அரபு வணிகர் வைத்த பெயர் மாபார். சீனரும் அதையே வழங்கினார்கள்.

தூதர்களில் ஒருவர் யாங் திங்பி. அந்த ஆண்டுகளில் சீனத்துக்கும் கொல்லத்துக்கும் இடையே பலமுறை போய்வந்தவர். கரை இறங்கியதும் பாண்டியனின் அமைச்சர் ஒருவர் நல்ல வரவேற்புக் கொடுத்தார். எங்கள் கப்பல்கள் உங்கள் துறைமுகத்துக்கு வந்தபோது மரியாதையாக நடத்தினீர்கள், அதற்குக் கைம்மாறு செய்யக் காத்திருக்கிறோம் என்றார். ஆனால் கொல்லத்துக்கு வழி கேட்டதும் பேச்சு மாறியது. தரைவழியாகப் போக முடியாது என்று சொல்லிவிட்டார். இன்னோர் அமைச்சரிடம் கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார்.

இந்தச் செய்தியை எழுதி வைத்திருப்பது சீனத்து யுவான் வமிச வரலாறு. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தத் தொடரைப் படிக்கிறவர், அமைச்சர் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டார். திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று மேற்கு மலையின் அடிவாரத்தை ஒட்டியே போய், ஆரியங்காவுக் கணவாயில் ஏறி, கொல்லத்தில் இறங்குகிற வழியைச் சென்ற பகுதியில்தான் பார்த்தோம். மதுரையிலிருந்து போகிறவருக்கு அது வழி. கடற்கரையிலிருந்து போகிறவருக்குப் பொருநைக் கரையைப் பிடித்துத் தென்காசி சேர்கிற வழி உண்டு. தெற்கே ஆரல்வாய்மொழியும் இருக்கிறது. வழிக்குப் பஞ்சமே இல்லை. பிறகு ஏன் இல்லை என்றார்கள்?

அடுத்த மாதம் விடை கிடைத்தது. அந்த இரண்டு அமைச்சர்களும் ஒருநாள் அதிகாலையில் தூதர்கள் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களை வெளியே அனுப்பச் சொன்னார்கள். பிறகு உண்மையைச் சொன்னார்கள்: அரசனும் தம்பிகளுமாக ஐவரும் ஓர் ஊரில் கூடியிருக்கிறார்கள். கொல்லத்தின் மேல் படையெடுப்பதைப் பற்றித்தான் பேச்சு. சீனத்துத் தூதர் வந்திருக்கிறார் என்று கேட்டதும், எங்கள் நாடு ஏழை நாடு என்று சொல்லி அனுப்பிவிடச் சொன்னார்கள். அது பொய். முஸ்லிம் நாடுகளின் பொன்னும் முத்தும் மணியும் இந்த நாட்டிலிருந்து போகிறவைதான்.

ஐவர் கூடியிருந்த ஊரின் பெயரையும் அந்த வரலாறு குறித்திருக்கிறது. சீன உச்சரிப்பில் அது 'ஜியாயி'. நமக்குக் காயல்.

காயல் என்ற பெயர் இன்று அந்தக் கடற்கரையில் மூன்று ஊர்களுக்கு உண்டு. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் வருவது பழையகாயல். பொருநை கடலில் விழுகிற இடத்தில் இருப்பது புன்னைக்காயல். அதற்கும் தெற்கே காயல்பட்டினம். ஐவர் கூடிய பெருநகரம் பழையகாயல் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அதற்குச் சற்று மேற்கே, உள்நாட்டில், அதைவிடப் பழைய கொற்கை. கொற்கை அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலக்கணிப்பு கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. பொருநை வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது, கொற்கை கரையிழந்தது, துறை கிழக்கே நகர்ந்து காயலாயிற்று.

குப்ளாய் கானின் தூதர் வந்துபோன பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மார்க்கோ போலோ வந்தார். அவருடைய நூலில் காயலுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஐந்து அரசச் சகோதரர்களில் மூத்தவரின் நகரம் அது என்கிறார். ஆய்வாளர் பலர் அவரை மாறவர்மன் குலசேகர பாண்டியன் என்று கொள்கிறார்கள். 1268இல் பட்டத்துக்கு வந்தவர். ஹோர்முஸ், கிஷ், ஏடன், அரபு நாடு என்று மேற்கிலிருந்து வரும் கப்பலெல்லாம் குதிரைகளோடும் சரக்குகளோடும் இந்தத் துறையில்தான் நிற்கும். அரசன் நீதியாக நடந்துகொள்கிறான், அயல்நாட்டு வணிகர்க்குப் பெரிய ஆதரவு தருகிறான், அதனால் வணிகர் விரும்பி வருகிறார்கள் என்று எழுதுகிறார். ஊர் மக்கள் எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டே இருப்பது அவருக்கு வியப்பாக இருந்திருக்கிறது. கற்பூரமும் வாசனைப் பொருளும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டுக்கொள்வதை விவரமாகவே சொல்கிறார்.

முத்துக்குளிப்பைப் பற்றியும் கணக்கோடு சொல்கிறார். ஏப்ரல் தொடங்கி மே மாத நடுவரை குளிப்பு. கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா வராமல் மந்திரம் போட்டுக் கடலைக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில், மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் இறங்குகிறவனின் கூலி எவ்வளவு என்பதுதான் வரவில்லை. கடலோரத்து வரலாற்றில் பெரும்பாலும் இப்படித்தான்.

முத்து வெளியே போன சரக்கு. உள்ளே வந்தது குதிரை. காயலைப் பெருநகரமாக்கியது குதிரைதான் என்பது என் கருத்து. அதற்குச் சான்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். அவர் இந்தப் பக்கம் வந்தவரில்லை, ஷிராஸ் நகரத்துக்காரர். 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் வரலாற்றை எழுதினார். வணிகரின் ஒப்பந்தக் கணக்குகள் அவர் காதுக்கு எட்டின. கிஷ் தீவின் தலைவராக இருந்த ஜமாலுத்தீன் தீபி என்ற பெருவணிகர் ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகள் 1,400ஐப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு. ஒரு குதிரைக்கு விலை செம்பொன் நாணயம் 220 தினார். இதில் ஒரு நிபந்தனையைப் படிக்கும்போது இன்றைக்கும் திகைப்பாக இருக்கிறது: கடலில் வருகிற வழியில் குதிரை செத்துப்போனாலும் அதற்கும் விலையைப் பாண்டியன் கொடுத்துவிட வேண்டும். சரக்கின் ஆபத்து முழுவதையும் வாங்குகிறவரே சுமந்துகொண்ட வணிகம் அது. அந்த அளவுக்குக் குதிரை தேவைப்பட்டது.

இன்னும் சற்று முந்தைய காலத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியை அபூபக்கர் ஆண்ட காலத்தில், அதாவது 1260க்கு முன், பல துறைகளிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மாபார், காம்பே முதலிய துறைகளுக்கு ஏற்றுமதி. மொத்த விலை 22 லட்சம் தினார்.

வந்த குதிரை என்ன ஆயிற்று? லாயத்தில் நாற்பது நாள் முளை அடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்கள். வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுப்பார்கள். பிறகு பழக்காமலே ஏறிச் சவாரி செய்வார்கள். கொஞ்ச நாளில் நல்ல குதிரையும் ஒன்றுக்கும் உதவாமல் போகும் என்கிறார் வஸ்ஸாஃப். ஓராண்டு முடிவதற்குள் வாங்கியதில் நூறு குதிரைகூடத் தேறாது என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் யாரும் இந்த நாட்டுக்கு வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்களாம். செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம். அவர் கொஞ்சம் மிகைப்படுத்தும் ஆள்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே குறையைச் சொல்கிறார்கள்.

அரசனின் பொன்னோடு குதிரை வாங்கக் கடற்கரைப் பக்கம் போன அமைச்சர் ஒருவரைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. பணத்தைப் பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்ட மாணிக்கவாசகருக்காகப் பெருமானே குதிரை வணிகனாக வந்தார், கொண்டுவந்த குதிரைகள் இரவில் நரிகளாயின என்பது திருவிளையாடல் கதை. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். மாணிக்கவாசகர் காயல் காலத்துக்கு முந்தியவர். ஆனால் பாண்டியக் கருவூலத்துப் பணம் குதிரையாகக் கரைந்து போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நாட்டில் இந்தக் கதை எப்படி நெஞ்சில் இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பற்றப்புலியூர் நம்பி திருவிளையாடலைப் பாடியதும் ஏறக்குறைய அந்தப் பிற்காலப் பாண்டியர் சூழலில்தான்.

பணம் எங்கிருந்து வந்தது? நம் ஊர்களுக்கும் காயலுக்கும் உள்ள உறவு இங்கேதான் இருக்கிறது. குதிரை விலை 22 லட்சம் தினாரும் கோயில்களின் நிலவருவாயிலிருந்தும், கோயிலைச் சேர்ந்த தேவரடியார் மேல் விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது, பொதுக் கருவூலத்துக்கு ஒரு செலவும் இல்லை என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். இதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது, அரசன் தனக்குச் சேர வேண்டிய வரியைக் கோயிலுக்கு விட்டுக்கொடுத்த செய்தி. கோயிலிடமிருந்து அரசன் வாங்கிய செய்தி அரிது. ஆனால் வஸ்ஸாஃபுக்குச் செய்தி சொன்னவர்கள் பணத்தை எண்ணி வாங்கியவர்கள். யார் கையிலிருந்து வாங்கினோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அக்காலக் கோயில் வட்டிக்குக் கடன் கொடுத்தது, பொன்னும் நெல்லும் சேர்த்து வைத்தது. ஊரின் பெரிய பண்டாரம் அதுவே. அவசரத்துக்கு அரசன் கை நீட்டிய இடம் அதுவாக இருந்தால் வியப்பில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் அன்று மல்லி நாட்டைச் சேர்ந்த பிரமதேயம். சிவகாசிச் சாலையில் இருக்கிற மல்லி என்ற ஊர் அந்த நாட்டின் பெயரை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. வடபெருங்கோயிலுடையான் சன்னதியில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உண்டு. ராஜபாளையம் இன்றைய உருவத்தில் அன்று இல்லை. ஊருக்குப் பெயர் தந்த ராஜுக்கள் விஜயநகரக் காலத்தில் வந்தவர்கள். ஆனால் அடிவாரத்துக் கண்மாய்களும் வயல்களும் அதற்குத் தெற்கே சோழபுரம், சேத்தூர், தேவதானம் வரை பாண்டியரின் வரிப் புத்தகத்தில் இருந்த நிலம். தேவதானம் என்ற பெயரே கோயிலுக்கு விட்ட நிலத்தைச் சொல்கிறது.

வரிகளின் பெயர்களைப் பாண்டியர் கல்வெட்டுகளில் வரிசையாகப் படிக்கலாம்: கடமை, அந்தராயம், விநியோகம், தருவதச்சு, காரிய ஆராய்ச்சி, வெட்டிப்பாட்டம், பஞ்சுபீலி, சந்திவிக்கிரகப்பேறு. தறிக்கும் வரி, செக்குக்கும் வரி. இதில் அச்சு என்பது நாணயம். நெல்லாக மட்டும் வாங்கியிருந்தால் ஊரோடு முடிந்திருக்கும். காசாகக் கேட்டபோது உழுதவன் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றே ஆக வேண்டும். இப்படி அடிவாரத்து நெல்லும் கரிசல் பருத்தியும் காசாகி, காசு பொன்னாகி, பொன் காயலுக்குப் போய்க் கப்பல் ஏறியது. பொதுக் கருவூலத்துக்குச் செலவில்லை என்று பாரசீகத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம். கண்மாய்ப் பாசனத்தில் ஒரு போகம் எடுத்தவனுக்குச் செலவு உண்டு. காயலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கடலைப் பார்த்தே எழுதுகிறார்கள். அந்நகரின் கடைக்கால் மல்லி நாடு போன்ற உள்நாடுகளில் போடப்பட்டது.

இனி அந்த அமைச்சர்கள். சீனத் தூதரிடம் ரகசியமாக வந்து பேசியவர்களில் ஒருவரை யுவான் வரலாறு 'அபுஅலி' என்று குறிக்கிறது. அந்தப் பெயருடைய குடும்பத்தைப் பற்றிச் சீனத்தில் வேறொரு சான்றும் இருக்கிறது; மகனுக்காக எழுதப்பட்ட கல்லறைக் கல்வெட்டின் வாசகம் அது. சீன வரலாற்றாசிரியர் சென் கௌஹுவா 1980இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். முன்னோர் அரபுக் கடற்கரையின் கல்ஹாத் பகுதியிலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து வணிகம் செய்தவர்கள். அரசன் தந்தையின் மேல் வைத்திருந்த அன்பில், தன் தம்பிகளுக்குச் சமமாக அவரை நடத்தினான். ஐவரோடு சேர்த்து அவரை ஆறாவது தம்பி என்றே அழைத்தார்களாம். குகனோடு ஐவரானோம் என்ற இராமனின் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய முறை இல்லை. ஆனால் இங்கே உறவு கொண்டாடப்பட்டவர் கடல் கடந்து வந்த முஸ்லிம் வணிகர், கொண்டாடியவர் பாண்டிய மன்னர். மகன் 1291இல் சீனத்துக்கே குடிபோனார். பேரரசர் கொரிய நாட்டுப் பெண் ஒருவரை அவருக்கு மணமுடித்து வைத்தார். 1299இல் அங்கேயே காலமானார்.

கிஷ் தீவுத் தலைவரின் தம்பி தகியுத்தீன் காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பைப் பாண்டியனிடமிருந்து பெற்றிருந்தார். விற்கிறவர் அண்ணன், வாங்குகிற அரசின் துறைத் தலைவர் தம்பி. அந்த ஒப்பந்தத்தில் செத்த குதிரைக்கும் விலை ஏன் எழுதப்பட்டது என்பது இதைப் படித்த பிறகு கொஞ்சம் விளங்குகிறது.

ஐவரின் ஒற்றுமை நெடுநாள் நிற்காது என்று மார்க்கோ போலோவுக்கே தோன்றியிருக்கிறது. சகோதரர்கள் சண்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் தாய் குறுக்கே வந்து, கத்தியை எடுத்து, உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்து எறிவேன் என்பாளாம். அவள் காலத்துக்குப் பின் இவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வார்கள் என்று எழுதினார். அடித்துக்கொண்டது அடுத்த தலைமுறை. குலசேகரனின் மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் பட்டத்துக்கு மோதினார்கள். தந்தையைச் சுந்தரனே 1310இல் கொன்றான் என்கிறார் வஸ்ஸாஃப். 1311இல் மாலிக் காபூர் வந்தார். யானையும் குதிரையும் பொன்னுமாக வாரிக்கொண்டு டெல்லி திரும்பினார்.

காயல் அதன் பிறகும் இருநூறு ஆண்டு பெயரோடு இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர் நிக்கோலோ கோன்டி இதைக் குறிக்கிறார். 1516 வாக்கில் போர்த்துகீசியர் பர்போசா எழுதும்போது நகரம் கொல்லத்து அரசனுக்கு உரியதாகிவிட்டது. படையெடுத்து அடக்க வேண்டும் என்று 1281இல் ஐவர் இங்கே கூடிப் பேசினார்களே, அதே கொல்லம். மலையாளம், சோழமண்டலம், வங்காளக் கப்பல்கள் வருவதையும், முத்துக் குத்தகையை வைத்திருந்த பணக்கார முஸ்லிம் ஒருவர் ஊரில் அரசர்போல வாழ்ந்ததையும் பர்போசா சொல்கிறார். இந்தச் சாட்சிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1290களில் பேச்செல்லாம் குதிரை, முத்து இரண்டும். பிறகு வந்தவர் பேச்சில் முத்து நிற்கிறது, குதிரை போய்விட்டது.

மண் மேவியதால் காயல் அழிந்தது என்று பள்ளிப் புத்தகம் முதல் பயண நூல் வரை எழுதுகிறார்கள். பாதிதான் சரி. மண் மேவினால் துறை நகரும். கொற்கை போனபோது காயல் வந்ததுபோல், காயல் போனபோது புன்னைக்காயல் வந்தது. பெருநகரம் ஏன் கூடவே நகரவில்லை? குதிரை வாங்கும் அரசு மதுரையில் இல்லை. அடுத்த பெரிய வாடிக்கையாளர் விஜயநகரத்தார். அவர்களுக்குப் பக்கம் மேற்குக் கரையின் ஹொன்னாவர், பட்கல் துறைகள். 1510இல் கோவாவைப் பிடித்தபின் போர்த்துகீசியர் குதிரை வணிகத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். பாரசீகத்துக் கப்பல் தெற்கே குமரியைச் சுற்றி வர வேண்டிய தேவையே போயிற்று. எஞ்சிய முத்து, ஆண்டில் சில வாரத் தொழில். அதுவும் எல்லா ஆண்டும் வாய்க்காது.

1530களில் பரதவர் கத்தோலிக்கராகி, போர்த்துகீசியரின் காவலில் முத்துக்கரை வந்தபின் புன்னைக்காயலும், பிறகு தூத்துக்குடியும் தலையெடுத்தன. புன்னைக்காயலில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் அடியார் வரலாறு 1586இல் தமிழில் அச்சாயிற்று. பழைய நகரம் வயலும் உப்பளமும் குடிசையுமாக மாறியது.

அதைத் திரும்பக் கண்டுபிடித்தவர் கால்டுவெல். ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல், இடையன்குடியிலிருந்து வந்து கொற்கையிலும் காயலிலும் ஆள்வைத்துத் தோண்டிப் பார்த்தார். மைல் கணக்கில் நிலமெங்கும் உடைந்த ஓடும் பானைச் சில்லும் கிடப்பதைப் பார்த்தார். அதில் சீனப் பீங்கான் துண்டுகளைத் தனியாகப் பொறுக்கினார். மட்டமானது முதல் உயர்ந்தது வரை எல்லாத் தரத்திலும் கிடைத்தன. அரபு நாட்டு மட்பாண்டச் சில்லுகளும் இருந்தன. மார்க்கோ போலோ சொன்ன நகரம் இதுதான் என்று நிறுவினார். 1881இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலி வரலாற்றில் விவரம் இருக்கிறது. நூறாண்டுக்குப் பிறகு ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் சீனப் பீங்கான் தேடி இந்தக் கரையெங்கும் நடந்தபோது பழையகாயலிலும் ராமநாதபுரம் பெரியபட்டினத்திலும் 13, 14ஆம் நூற்றாண்டுச் சில்லுகள் கிடைத்தன. பச்சை மெருகு பூசிய லுங்சுவான் பீங்கான் அவற்றில் முக்கியமானது. யாங் திங்பி கப்பல் ஏறிய சுவான்சௌ வழியாக ஏற்றுமதியான சரக்கு அது.

பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. கொற்கையில் தொல்லியல் துறை பலமுறை தோண்டியிருக்கிறது. பழையகாயலுக்கும் அந்த அளவு கவனம் வேண்டும். வீடு கட்ட வானம் தோண்டும்போது வருகிற பீங்கான் துண்டை மண்ணோடு அள்ளிக் கொட்டாமல், ஊராட்சியிடமோ பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடமோ கொடுக்கிற பழக்கம் வந்தாலே பெரிய காரியம். இங்கே மல்லி நாட்டிலும் அப்படித்தான்: கோயில் திருப்பணியில் சுவரைச் சுரண்டி வண்ணம் அடிக்கும் முன், அந்தச் சுவரில் உள்ள எழுத்தைப் படியெடுத்தாயிற்றா என்று ஊரார் கேட்க வேண்டும். காயலுக்குப் போன பணத்தின் கணக்கு அந்தச் சுவர்களில் இருக்கிறது.

அடுத்த பகுதியில், பதினெண் பட்டினத்து வணிகக் குழுக்கள் கூடித் தங்கள் சரக்குகளின் மேல் தாங்களே மகமை விதித்துக்கொண்ட பிரான்மலைக் கல்வெட்டைப் பார்ப்போம். உப்பு, அரிசி, மிளகு, பருத்தி, நூல், இரும்பு, பாக்கு, பட்டு என்று நீளும் அந்தப் பட்டியலில் குதிரையும் இருக்கிறது.